கிழட்டுக் கிணறு கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு? அதை அளப்பது எப்படித் தெரியுமா?

1976 மே மாதம் மும்பையில் ஒரே சமயத்தில் நடந்த இரண்டு விஷயங்கள் தெரியுமா?

நெருக்கடி நிலைக் காலம். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியைக் காலி செய்து, சுமார் 70,000 பேரைப் போலீஸ் காவலோடு கொண்டுவந்து சதுப்பு நிலத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அந்தச் சதுப்புதான் இன்றைய சீத்தா கேம்ப். அந்த இடிப்பை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்க வயலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர். பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். அதே மே மாதம் 21-ஆம் தேதி, மும்பைக் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் மேற்கே, அரபிக் கடலின் நடுவில், பம்பாய் ஹை எண்ணெய் வயல் உற்பத்தியைத் தொடங்கியது! குடியிருப்புக்கும் எண்ணெய் வயலுக்கும் ஒரே மாதத்தில் பிறந்தநாள்.

அந்த வயலைக் கண்டுபிடித்த தோண்டும் மேடையை நீங்கள் கையில் பிடித்திருக்கிறீர்கள், தெரியுமா? பழைய ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். கடலில் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடையின் படம் இருக்கும். அதுதான் 'சாகர் சாம்ராட்'. ஜப்பானில் கட்டப்பட்டு, 1974 பிப்ரவரியில் பம்பாய் ஹையில் எண்ணெயைத் தொட்டது. 2015-இல் மறுபடி அச்சிட்ட ஒரு ரூபாய் நோட்டிலும் அதே மேடைதான். இன்னும் வியப்பு: வயதான அந்தத் தோண்டும் மேடையையே பிரித்து மாற்றி, எண்ணெயைப் பதப்படுத்திக் கரைக்கு அனுப்பும் உற்பத்தி மேடையாக 2022 டிசம்பரில் மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்!

மும்பையின் செம்பூர்க்காரர்கள் தினமும் பார்க்கும் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டும் இந்த எண்ணெயைவிட மூத்தவை. இன்றைய எச்.பி.சி.எல். ஆலை 1954-லும், பி.பி.சி.எல். ஆலை 1955-லும் ஓடத் தொடங்கின. அப்போது அவற்றுக்கு வெளிநாட்டுக் கச்சா எண்ணெய்தான். பம்பாய் ஹை எண்ணெயை முதலில் கப்பல்களில் ஏற்றிவந்தார்கள். 1978-இல் கடலடிக் குழாய் உரான் வரைக்கும் வந்தது. அங்கிருந்து கடற்கழியைத் தாண்டி, மாகுல் இருக்கும் டிராம்பேக்குக் குழாய். உரானில், எண்ணெயோடு வரும் வாயுவிலிருந்து சமையல் எரிவாயு பிரிகிறது. செம்பூரில் ஆர்.சி.எஃப். ஆலை அந்த வாயுவால் உரம் செய்தது. நடுக்கடலில் ஒரு கிணற்றுக்கு மூச்சு வாங்கினால் அதன் கணக்கு டிராம்பேயின் குழாய்களில் தெரியும்.

மூச்சு வாங்கத்தான் செய்கிறது. 1985-இல் பம்பாய் ஹை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு சுமார் 4 லட்சத்து 71 ஆயிரம் பீப்பாய் எண்ணெய் கொடுத்தது. 2024-இல் அது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம். எண்ணெய் தீர்ந்துவிட்டதா? இல்லை, இதுதான் மலைக்க வைக்கிறது! உலகெங்கும் சராசரியாக, நிலத்தடியில் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி பாறைக்குள்ளேயே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகளில், வெளியே வர வழியில்லாமல்.

அந்த வழியை உண்டாக்குவதும், உண்டாக்கிய வழி அடைத்துக்கொண்டபின் மறுபடி திறப்பதும், திறந்ததால் உண்மையில் என்ன கிடைத்தது என்று நேர்மையாக அளப்பதும் தனிக் கதை. அதில் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

பாறையைப் பிளக்கும் யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? போர்க்களத்தில்! அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862 டிசம்பர், ஃப்ரெடரிக்ஸ்பர்க். ஒரு கால்வாய்த் தண்ணீருக்குள் குண்டு விழுந்து வெடித்ததை எட்வர்ட் ராபர்ட்ஸ் என்ற படை அதிகாரி கவனித்தார். மேலே நிற்கும் தண்ணீர், வெடியின் வேகத்தைச் சிதறவிடாமல் அடக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது அவர் மனதில் பதிந்தது. 1865 ஜனவரியில் பென்சில்வேனியாவில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் வெடிமருந்துக் குழலை இறக்கி, மேலே தண்ணீரை நிரப்பி வெடிக்க வைத்தார். கிணறு பொங்கியது. அதே ஆண்டு காப்புரிமையும் வாங்கிவிட்டார். பிற்பாடு வெடிமருந்துக்குப் பதில் நைட்ரோகிளிசரின்!

ராபர்ட்ஸ் எப்படிக் கூலி வாங்கினார் என்பதைக் கேளுங்கள். ஒரு குழலுக்கு 100 முதல் 200 டாலர். அதன்மேல், வெடித்தபின் கூடுதலாக வரும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு. கூடுதலாக வருவதில் மட்டும்! அப்படியானால் வெடிக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்த் தொழில் பிறந்து ஆறே ஆண்டில், இன்றைய பொறியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி வந்துவிட்டது. அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இரவோடு இரவாகத் திருட்டு நைட்ரோகிளிசரின் இறக்கி வெடித்தார்கள். வழக்குகள் நூற்றுக்கணக்கில் நடந்தன.

இன்னொன்று: 1866 டிசம்பரில் எண்ணெயே வராத 'வுட்டின்' என்ற கிணற்றில் ஒரு குழல் வெடித்ததும் நாளுக்கு 20 பீப்பாய் வந்தது. அடுத்த மாதம் அதே கிணற்றில் இரண்டாவது குழல். 80 பீப்பாய்! ஒரே கிணற்றை இரண்டாம் முறை பிளப்பது என்பது ஏதோ புதிய தந்திரம் என்று நினைத்தால், அதற்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

வெடியை விட்டுவிட்டுத் திரவத்தை அழுத்திப் பாறையைப் பிளக்கும் முறை, அதாவது ஃபிராக்கிங், 1947-இல் கான்சஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் வாயு வயலில் முதல்முறையாகச் சோதிக்கப்பட்டது. பெட்ரோலை நேபாம் கலந்து கூழாக்கிக் கிணற்றுக்குள் செலுத்தினார்கள். பிறகு அளந்து பார்த்தார்கள். உற்பத்தியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை! உலகத்தையே மாற்றிய தொழில்நுட்பம் முதல் பரீட்சையில் தேறவில்லை. காரணம் பாறை. அது சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லை அமிலமே கரைத்து வழி செய்துவிடும். அந்தப் பழைய முறையோடு போட்டி போட்டு இது ஜெயிக்க முடியவில்லை. 1949 மார்ச்சில் ஓக்லஹோமாவிலும் டெக்சஸிலும் வணிக முறையில் செய்தபோதுதான் ஃபிராக்கிங் வேரூன்றியது.

பம்பாய் ஹையின் முக்கியப் பாறையும் சுண்ணாம்புக்கல்தான். அதனால் அங்கே பழைய கிணறுகளுக்குப் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமில வைத்தியம். அதுவும் போதாவிட்டால், பழைய கிணற்றின் குழாயில் பாதி வழியில் ஜன்னல் வெட்டி, அங்கிருந்து பக்கவாட்டில் புதுத் துளை போடுவது. 'சைடு டிராக்' என்பார்கள். 2000-த்துக்குப் பிறகு, வயலை நடத்தும் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. செய்த மறுமேம்பாட்டுத் திட்டங்களில் இப்படிக் கிளைவிட்ட பழைய கிணறுகள் நிறைய. மணலும் தண்ணீரும் செலுத்திப் பிளக்கும் ஃபிராக்கிங், குஜராத்தின் இறுகிய மணற்பாறை வயல்களுக்கும் ராஜஸ்தான் பார்மேரின் எரிமலைப் பாறை வாயுக் கிணறுகளுக்கும் உரியது. பாறைக்கேற்ற மருந்து.

ஏன் மறுபடி பிளக்க வேண்டும்? ஒருமுறை பிளந்தால் திறந்தே இருக்காதா? இருக்காது! விரிசல் மூடாமல் தாங்குவதற்கு மணலை உள்ளே அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் பாறையின் பாரம் மணலை நொறுக்கும், அல்லது பாறைக்குள் அமுக்கிவிடும். துகளும் உப்புப் படிவும் சேர்ந்து அடைக்கும். சில கிணறுகளில் முதல் வேலையே அரைகுறை. நீளமான கிணற்றின் பல பகுதிகளை விரிசல் தொடவே இல்லை. ஆக ரீஃபிராக், அதாவது மறுபடி பிளப்பது, சில இடத்தில் பழைய வழியைத் துப்புரவாக்குவது, சில இடத்தில் இதுவரை தொடாத பாறையைத் தொடுவது. இந்த இரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் லாபம்.

இப்போது பாறை செய்யும் மாயத்தைச் சொல்லியாக வேண்டும். விரிசல் எந்தத் திசையில் ஓடும் என்பதைப் பொறியாளர் தீர்மானிப்பதில்லை. நிலத்தடியில் பாறை எந்தத் திசையில் குறைவாக நெருக்கப்படுகிறதோ, அந்தத் திசைக்குச் செங்குத்தாகத்தான் அது ஓடும். முதல் விரிசல் வழியாக ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் வாயுவும் வெளியேறியபின், அந்த விரிசலைச் சுற்றியுள்ள பாறைக்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அதனால் நெருக்கத்தின் திசையே திரும்பிவிடலாம். அப்போது இரண்டாம் முறை பிளந்தால், புது விரிசல் பழையதற்குக் குறுக்கே, 90 பாகை திரும்பிக்கூட ஓடும்! பழைய விரிசல் தொடாத, எண்ணெய் இன்னும் அப்படியே கிடக்கிற பாறையைப் போய்த் தொடும். வறண்டுபோனதே புது வழியைக் காட்டுகிறது. போதுமான தூரம் போனதும் அந்த விரிசல் மறுபடி பழைய திசைக்கே வளைந்துவிடும். இதைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. வயல்களில் கருவி வைத்துக் கண்டவர்களும் உண்டு.

சரி, அளப்பதற்கு வருவோம். ரீஃபிராக் செய்த மறுநாள் கிணறு மூன்று மடங்கு கொடுக்கிறது. வெற்றிதானே? இல்லை! இங்கேதான் பல பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

நம் தெருக் குழாயை வைத்துப் பாருங்கள். தண்ணீர் நூலாக வருகிறது. பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்கிறோம். மறுநாள் பொங்குகிறது. முதலில், அடைப்புக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர்தான் முதல் சில நிமிடம் பொங்கும். ஒரு வாரம் பார்க்க வேண்டும். இரண்டாவது, நூலாக வந்தது உண்மையில் அடைப்பாலா, அன்றைக்கு மாநகராட்சி அழுத்தம் குறைத்துவிட்டதாலா? அழுத்தம் தானே திரும்பியிருந்தால் பிளம்பருக்கு அதில் பங்கில்லை. மூன்றாவது, நம் வீட்டில் கூடியது பக்கத்து வீட்டில் குறைந்ததா? தெருவுக்கு மொத்தத்தில் ஒரு குடம்கூடக் கூடியிருக்காது.

எண்ணெய்க் கிணற்றில் இந்த மூன்றும் அச்சு அசலாக நடக்கின்றன. பல நாள் மூடி வைத்திருந்த கிணற்றில் அழுத்தம் தேங்கிவிடும். திறந்ததும் சில வாரம் வெள்ளம். அதனால் முதல் நாள் எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்களை அனுபவசாலிகள் நம்புவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு மொத்தம் என்னவென்று கேட்பார்கள். அடுத்தது இன்னும் நுட்பம். மிக மோசமாகக் கொடுக்கும் கிணற்றைத்தானே வைத்தியத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள்? அந்த மாதம் அது மோசமாக இருந்ததற்குப் பம்ப் பழுதோ குழாய் அடைப்போ காரணமாக இருந்தால், கை வைக்காமலேயே அடுத்த மாதம் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தையும் ரீஃபிராக்கின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதைத் தவிர்க்க, அதே நிலையில் இருந்தும் கை வைக்காமல் விட்ட கிணறுகளையும் கூடவே கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கதை அமெரிக்காவின் ஷேல் எனும் களிப்பாறை வயல்களில் பெரிய தலைவலி. பழைய கிணற்றுக்கு அருகே புதுக்கிணறு தோண்டிப் பிளந்தால், புதிய விரிசல் பழைய கிணற்றின் அழுத்தம் குறைந்த பாறையை நோக்கி ஓடி, தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிடும். சில சமயம் பழைய கிணறு கெட்டே போகும். அதனால் சில நிறுவனங்கள் புதியதைப் பிளக்கும் முன் பழையதை ரீஃபிராக் செய்து அழுத்தத்தை ஏற்றி வைக்கின்றன. அப்படிச் செய்த பழைய கிணறு ஒரு பீப்பாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காமல், புதியதைக் காப்பாற்றினாலே அது வெற்றி! எந்த மீட்டரில் அளப்பீர்கள்?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வளைகோடு இருக்கிறது. 1945-இல் ஜே. ஜே. ஆர்ப்ஸ் என்பவர் கிணறுகளின் உற்பத்தி எப்படிச் சரிகிறது என்பதைச் சில எளிய சமன்பாடுகளில் அடக்கினார். எண்பது ஆண்டுக்குப் பிறகும் உலகம் முழுவதும் அதைத்தான் வைத்துக் கோடு போடுகிறார்கள்! பழைய உற்பத்தியைப் புள்ளிகளாகக் குறித்து, சரிவுக்கோட்டை எதிர்காலத்துக்கு நீட்டுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் கிணறு கொடுத்திருக்கக்கூடியது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். ரீஃபிராக்குக்குப் பின் உண்மையில் வந்தது அதற்கு மேலே போகும் கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பரப்புதான் வெற்றி. அதிலும் பிரிக்க வேண்டியது உண்டு: அந்தப் பரப்பு புதிதாகக் கிடைத்த எண்ணெயா, ஐந்து வருடத்தில் வரவேண்டியதை ஒரே வருடத்தில் இழுத்துக்கொண்டதா? இழுத்துக்கொண்டது என்றால் புதுக்கோடு விரைவிலேயே பழைய கோட்டைத் தாண்டிக் கீழே விழும். பணத்துக்கு அதுவும் லாபமாக இருக்கலாம், நாட்டின் எண்ணெய் இருப்பு ஒரு சொட்டும் கூடியிருக்காது.

ஆனால் உண்மையான வெற்றிகளும் உண்டு. கொலராடோவின் வாட்டன்பர்க் வயலில் கோடெல் பாறைக் கிணறுகள் ஏராளமாக இரண்டாம் முறை பிளக்கப்பட்டன. சில மூன்றாம் முறையும்! டெக்சஸின் பார்னெட் ஷேலில், கூழ் திரவத்தால் பிளந்த பழைய கிணறுகளை, உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த வழுக்குநீரால் மறுபடி பிளந்தபோது, சில கிணறுகள் பிறந்த நாளின் வேகத்தையே எட்டின. இந்த முயற்சிகளெல்லாம் சொல்லும் பாடம், எல்லாக் கிணறும் தேறாது, தேறுபவை சிலவே. லாபத்தின் பெரும்பகுதி அந்தச் சிலவற்றில் இருக்கிறது. ஆகவே சரியான கிணற்றைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

விரிசலை நேரில் பார்த்தவர்கள் உண்டு, தெரியுமா? டெக்சஸில் அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு நடந்த ஒரு சோதனைக் களத்தில், பதினொரு புதிய கிணறுகளைப் பிளந்து, இரண்டு பழைய கிணறுகளை ரீஃபிராக் செய்து, அதன்பிறகு பிளந்த பாறைக்குள்ளேயே சாய்வாக ஒரு கிணறு தோண்டி, சுமார் 600 அடி பாறைத் தூணை மேலே எடுத்தார்கள். அதில் மனிதன் உண்டாக்கிய விரிசல்கள் நூற்றுக்கணக்கில்! கணினி மாதிரிகள் காட்டியதைவிட எவ்வளவோ சிக்கலாக, கொத்துக் கொத்தாக. விரிசலைத் தாங்கிப் பிடிக்க அனுப்பிய மணலோ அவற்றில் கொஞ்சம்தான் அகப்பட்டது.

எண்ணெய் மட்டும்தான் அளவுகோலா? அப்படி இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நீண்ட கிடைமட்டக் கிணறு ஒன்றைப் பிளக்கக் கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் தேவை. திரும்பி வரும் நீரில் உப்பும் ரசாயனமும் இருக்கும். காவிரிப் படுகை மக்கள் இதைத் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 2017-இல் கதிராமங்கலமும் நெடுவாசலும் போராட்டக் களங்களாயின. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பழைய கிணறுகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் வெற்றிக் கணக்கில் எத்தனை பீப்பாய் என்ற பத்திக்கு அருகில், எத்தனை லிட்டர் நன்னீர் செலவு, கழிவுநீர் எங்கே போனது என்ற பத்திகளும் இருக்க வேண்டும்.

இப்போது மறுபடி அரபிக் கடல். 2025 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி., பம்பாய் ஹையின் உற்பத்தியைத் தூக்கிவிட பிரிட்டனின் பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாக அறிவித்தது. பத்து ஆண்டு ஒப்பந்தம். பி.பி. காட்டிய கணக்கு இது: கச்சா எண்ணெய் 4.547 கோடி டன்னிலிருந்து 6.541 கோடி டன்னாகும். 44 சதவீதம் கூடுதல். வாயு 89 சதவீதம் கூடும். இரண்டையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்தால் 7.04 கோடி டன் என்பது 11.263 கோடி டன். 60 சதவீத ஏற்றம்!

அந்த 7.04 கோடியை உற்றுப் பாருங்கள். அது நடந்த உற்பத்தி அல்ல, நடக்கப்போவதும் அல்ல. பி.பி. வராமலே போயிருந்தால் அடுத்த பத்து ஆண்டில் வந்திருக்கக்கூடியது. ஆர்ப்ஸ் கோட்டைப் போல நீட்டிப் போட்ட எதிர்காலம். யாரும் பார்க்கவே முடியாத அந்த எண்ணிலிருந்துதான் மீதி எல்லாம் கழிக்கப்படும். அதைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் ஒன்றுமே செய்யாமல் வெற்றி. உயர்த்தி வைத்தால் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் தோல்வி.

நடுவில் விபத்து வந்தால்? பம்பாய் ஹை அதையும் பார்த்திருக்கிறது. 2005 ஜூலை 26 மும்பையை வெள்ளம் மூழ்கடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாளே, ஜூலை 27 அன்று, துணைக் கப்பல் ஒன்று மோதி, பம்பாய் ஹை வடக்கு மேடை தீப்பிடித்துச் சில மணி நேரத்தில் கடலில் சரிந்தது. 22 உயிர்கள் போயின. வயலின் உற்பத்தி ஒரே நாளில் பள்ளத்தில் விழுந்தது. அப்போது நடந்துகொண்டிருந்த மறுமேம்பாட்டின் பலனை அந்த ஆண்டின் எண்ணை வைத்து யார் எடைபோட முடியும்? பாறை ஒன்றும் கெடவில்லை. மேலே இருந்த இரும்புதான் போனது. அதனால்தான் வயல் கொடுக்கக்கூடியது எவ்வளவு, மேடையும் குழாயும் அனுமதித்தது எவ்வளவு என்று பிரித்துக் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

பி.பி.க்குக் கூலி எப்படித் தெரியுமா? முதல் இரண்டு ஆண்டு நிலையான கட்டணம். அதன்பிறகு, அடிப்படைக் கோட்டுக்கு மேலே கூடுதலாக வரும் எண்ணெய், வாயுவின் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதப் பங்கு. 1865-இல் ராபர்ட்ஸ் கேட்ட பதினைந்தில் ஒரு பங்கு போலவே! இன்றைக்கு அளக்கும் கருவிகள் எத்தனையோ. கிணற்றுக்குள் இறக்கிய ஒளியிழைக் கம்பி எந்தத் துளையில் திரவம் ஓடுகிறது என்று கேட்டுச் சொல்கிறது. கலந்துவிட்ட அடையாளப் பொருட்கள் எந்தப் பகுதி கொடுத்தது என்று காட்டிக்கொடுக்கின்றன. மேடைகளின் மீட்டர்கள் ஒவ்வொரு கிணற்றையும் முறைவைத்துத் தனியே சோதிக்கின்றன. இவையெல்லாம் வந்ததை அளக்கும். வந்திருக்கக்கூடியதை அளக்க இன்னமும் ஒரு கோடும், அதை இருதரப்பும் ஒத்துக்கொண்டு போட்ட கையெழுத்தும்தான் இருக்கின்றன. ஒப்பந்தப்படி 2027 முதல் அந்தக் கோட்டுக்கு மேலே வரும் ஒவ்வொரு டன்னின் வருமானத்திலும் பி.பி.க்குப் பங்கு.